முதல் மூன்று மாதங்கள் முடியும்போது: 11-ஆம் வாரம் முதல் 14-ஆம் வாரம் வரை செய்ய வேண்டியவை, வரிசைப்படி

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள் முடியும் கட்டத்தில் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மாத்திரை மாற்றம், உடல் மாற்றம் ஆகிய நான்கும் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள் வந்து சேர்கின்றன. இவற்றுள் சிலவற்றுக்குக் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே உண்டு. அந்த நாட்கள் கடந்துவிட்டால் அதே பரிசோதனையைப் பின்னர் செய்துகொள்ள இயலாது. என்னுடைய இரண்டு கர்ப்பங்களிலும் இக்கட்டத்தைக் கடந்திருக்கிறேன். தங்கைக்கும் தோழிகளுக்கும் துணையாகப் பலமுறை ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்திருக்கிறேன். முதன்முறை கருவுற்றவர்கள் பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் தடுமாறுகிறார்கள் என்பதை அப்போது கண்டேன். அந்த இடங்களை மனத்தில் வைத்தே இந்த வரிசையை எழுதுகிறேன். உங்கள் உடல்நிலையை நேரில் அறிந்த மகப்பேறு மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால், அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

1. வாரக் கணக்கை முதலில் உறுதிசெய்யுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட முதலில் செய்ய வேண்டியது இதுதான். கர்ப்ப வாரங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. கரு உருவாவது அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்துத்தான் என்றாலும், அந்த இரண்டு வாரங்களும் கணக்கில் சேரும். முதல் மூன்று மாதக் கட்டம் 13 வாரம் 6 நாளோடு முடிகிறது. 14-ஆவது வாரம் நிறைவுறும் நாளில் அடுத்த கட்டம் தொடங்குகிறது. பிரசவத் தேதி, எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து 280 நாட்கள் கழித்து வருவது.

இங்கே நான் அதிகம் கண்ட பிழை, மாதவிடாய் தள்ளிப்போன தேதியிலிருந்து மூன்று மாதங்களை எண்ணுவது. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் நாளிலேயே 4 வாரங்கள் முடிந்திருக்கும். அங்கிருந்து மூன்று மாதங்களைக் கூட்டினால் 17 வாரம் முடிந்துவிடும். அதற்குள் இந்தக் கட்டத்திற்கான ஸ்கேனுக்கு உரிய காலம் முடிந்து மூன்று வாரங்கள் ஆகியிருக்கும். கருத்தரித்த நாள் என்று தாம் நம்பும் தேதியிலிருந்து எண்ணுபவர்களுக்கும் இரண்டு வாரங்கள் குறைவாகவே தெரியும்.

மற்றொரு குழப்பம், '12 வாரம்' என்பதற்கும் '12-ஆவது வாரம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. 12 வாரம் 3 நாள் முடிந்தவருக்கு நடந்துகொண்டிருப்பது 13-ஆவது வாரம். எனவே எங்கு எழுதினாலும், யாரிடம் சொன்னாலும், முடிந்த வாரத்தையும் கூடுதல் நாட்களையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

மாதவிடாய் ஒழுங்கற்று வருபவர்களுக்கும் தேதி நினைவில்லாதவர்களுக்கும் ஸ்கேனே கணக்கைத் தரும். இக்கட்டத்தில் எல்லாக் கருக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், தலை உச்சியிலிருந்து பிட்டம் வரையிலான நீளத்தைக் கொண்டு வயதைத் துல்லியமாகக் கணிக்க முடிகிறது. 9 வாரத்திற்கும் 13 வாரம் 6 நாளுக்கும் இடையே எடுக்கும் முதல் ஸ்கேன், மாதவிடாய்க் கணக்கிலிருந்து 7 நாட்களுக்கு மேல் வேறுபட்டால், ஸ்கேன் காட்டும் தேதியையே கொள்வது வழக்கம். சோதனைக்குழாய் முறையில் ஐந்தாம் நாள் கருவை வைத்துக்கொண்டவர்கள், வைத்த நாளை 2 வாரம் 5 நாள் என்று கொண்டு மேலே எண்ண வேண்டும்.

ஒருமுறை உறுதியான தேதியைப் பிந்தைய ஸ்கேன்களைக் கண்டு மாற்றிக்கொள்ளாதீர்கள். பின்னாளில் ஒவ்வொரு ஸ்கேன் அறிக்கையிலும் வெவ்வேறு பிரசவத் தேதி அச்சாகியிருக்கக்கூடும். அவை அன்றைய வளர்ச்சியின் மதிப்பீடுகள் மட்டுமே. மாதங்கள் கூடக்கூடக் குழந்தைக்குக் குழந்தை அளவு வேறுபடுவதால் அவற்றின் துல்லியமும் குறைகிறது.

2. ஸ்கேனுக்கு முன்பதிவு செய்து, தேவையானவற்றைத் திரட்டுங்கள்

இக்கட்டத்தின் முக்கிய ஸ்கேனை என்.டி. (நியூக்கல் டிரான்ஸ்லூசென்சி) ஸ்கேன் என்பார்கள். குழந்தையின் பிடரித் தோலுக்கு அடியில் உள்ள நீரின் தடிமனை அளப்பதால் அந்தப் பெயர். 11 வாரம் 0 நாளிலிருந்து 13 வாரம் 6 நாள் வரை, குழந்தையின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது மட்டுமே இந்த அளவு பொருள் தரும்.

இந்த மூன்று வாரங்களுள் 12 வாரம் முடிந்து ஓரிரு நாட்கள் ஆன தேதியைக் கேட்டுப் பெறுவது நல்லது என்பது என் கருத்து. 11-ஆவது வாரம் முடிந்த உடனே சென்றால், கணக்கில் சில நாட்கள் பிசகியிருந்தாலும் குழந்தை 45 மில்லிமீட்டரை எட்டாமல் திரும்ப வர நேரிடும். கடைசி நாட்களுக்குத் தள்ளிவைத்தாலோ, குழந்தை சரியான நிலையில் படுக்காதபோது மறுமுறை வருவதற்கு நாள் இராது. ஆகவே 9 அல்லது 10-ஆம் வாரத்திலேயே முன்பதிவை முடித்துவிடுங்கள்.

முந்தைய ஸ்கேன் அறிக்கை, இதுவரை எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகள், இரத்த வகை, கடைசி மாதவிடாய்த் தேதி, உண்ணும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். உங்கள் உயரம், எடை, நீரிழிவு, புகைப்பழக்கம், செயற்கை முறைக் கருத்தரிப்பு, முந்தைய கர்ப்பத்தில் ஏற்பட்ட சிக்கல், இரு குடும்பங்களிலும் உள்ள மரபுவழி நோய்கள் ஆகியவற்றையும் கேட்பார்கள். இவை வெறும் சம்பிரதாயக் கேள்விகள் அல்ல. பின்னர் வரும் அபாயக் கணக்கில் இவற்றுள் பல நேரடியாகச் சேர்க்கப்படுகின்றன. எடையைத் தோராயமாகச் சொல்லாமல், அன்றே பார்த்துச் சொல்லுங்கள்.

இந்த ஸ்கேனுக்கும் இதோடு எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரைப் பரிசோதனையும் அன்றே உண்டா என்பதை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருந்தால் கருப்பை தெளிவாகத் தெரியும். வலிக்கும் அளவுக்கு அடக்கி வைத்தால் படம் தெளிவு பெறாது, உங்களால் நிதானமாகப் படுத்திருக்கவும் முடியாது.

3. ஸ்கேன் அறையில் என்ன நடக்கும்

முதலில் இதயத்துடிப்பையும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். துடிப்பு 9-ஆம் வாரத்தையொட்டி நிமிடத்திற்கு 170 வரை உயர்ந்து, பின்னர் சற்றுக் குறையும். 12, 13-ஆம் வாரங்களில் 150 முதல் 160-ஐ ஒட்டி இருப்பது இயல்பு. முந்தைய ஸ்கேனைவிடக் குறைந்திருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம்.

இரட்டைக் குழந்தைகளாக இருந்தால், இருவருக்கும் ஒரே நஞ்சா (நஞ்சுக்கொடி), தனித்தனி நஞ்சா என்பதை இந்த ஸ்கேனிலேயே எழுதி வாங்குங்கள். இடையே உள்ள சவ்வு நஞ்சோடு சேரும் வடிவம் 14 வாரத்திற்கு முன்புதான் மிகத் தெளிவாகத் தெரியும். ஒரே நஞ்சைப் பகிர்பவர்களுக்கு அடிக்கடி ஸ்கேன் தேவைப்படுவதால், மீதி மாதங்களின் கண்காணிப்பு முழுவதும் இந்த ஒரு தகவலைப் பொறுத்தே அமையும்.

அடுத்து நீளம், பிடரி நீரின் தடிமன், மூக்கெலும்பு, மண்டையோடு, வயிற்றுச் சுவர், இரைப்பை, சிறுநீர்ப்பை, கைகால்கள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். குடலின் ஒரு பகுதி சில வாரங்கள் தொப்புள்கொடிக்குள் வளர்ந்து, 12-ஆம் வாரத்தையொட்டி வயிற்றுக்குள் திரும்புகிறது. வயிற்றுச் சுவர் மூடியிருக்கிறதா என்பதை இதற்கு முன் பார்த்துச் சொல்ல இயலாமைக்குக் காரணம் அதுவே.

பிடரி நீர் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டதும் குறை என்று எண்ணிவிடக் கூடாது. தடிமன் 3.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான், மற்ற முடிவுகள் எப்படியிருப்பினும், இதய அமைப்பு உள்ளிட்டவற்றை ஆராய மேல் பரிசோதனை வேண்டும் என்பார்கள்.

இந்த அளவை எடுக்கக் குழந்தை பக்கவாட்டில், தலையைக் குனியாமலும் நிமிர்த்தாமலும் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் சற்று நடந்துவிட்டோ சிறுநீர் கழித்துவிட்டோ வரச் சொல்வார்கள். சில வேளைகளில் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்வார்கள். அதனால் குழந்தைக்குத் தீங்கு நேர்வதில்லை. பரிசோதிப்பவர் நீண்ட நேரம் பேசாமல் திரையையே பார்ப்பது அளவுகளைக் கவனமாக எடுப்பதற்காகத்தான். அந்த மௌனத்தைக் கெட்ட செய்தி என்று எண்ணிக் கண்ணீருடன் வெளியே வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களின் அறிக்கையில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

'நஞ்சு கீழே இருக்கிறது' என்ற வரியும் தேவையற்ற அச்சத்தைத் தருவது. 12-ஆம் வாரத்தில் கருப்பை சிறியது. நஞ்சு கருப்பை வாயை ஒட்டி இருப்பது சகஜம். கருப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு வளரும்போது பெரும்பாலானவர்களுக்கு நஞ்சு மேலே விலகிவிடும். இரத்தப்போக்கு இல்லாதபோது இந்த ஒரு வரியைக் கண்டு நீங்களாகவே படுக்கையில் முடங்க வேண்டியதில்லை. பின்னர் வரும் ஸ்கேன்களில் மறுபடி பார்ப்பார்கள்.

4. இரத்தப் பரிசோதனையும் விகிதத்தில் வரும் முடிவும்

ஸ்கேன் நாளிலோ அதையொட்டியோ எடுக்கும் இரத்தத்தில் நஞ்சிலிருந்து வரும் இரண்டு பொருட்களை அளப்பார்கள். இதை டபுள் மார்க்கர் என்பார்கள். இந்த இரண்டு அளவுகளோடு பிடரி நீரின் தடிமன், குழந்தையின் நீளம், தாயின் வயது ஆகியவற்றைச் சேர்த்துக் கணித்தே, டவுன் நோய்க்குறி உள்ளிட்ட மூன்று குரோமோசோம் குறைபாடுகளுக்கான வாய்ப்பைச் சொல்கிறார்கள். இரத்தத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஸ்கேனைத் தவறவிட்டால் கணக்கு அரைகுறையாகிவிடும். வார எண்ணிக்கை பிழையாக இருந்தால் முடிவும் பிழையாகும். நான் வாரக் கணக்கை முதலில் வைத்ததற்கு இது மற்றொரு காரணம்.

முடிவு 1:900 என்பது போல வரும். இதே முடிவைப் பெற்ற 900 பெண்களுள் ஒருவரின் குழந்தைக்கு அக்குறைபாடு இருக்கலாம், 899 பேருக்கு இராது என்பது அதன் பொருள். இரண்டாவது எண் பெரிதாக ஆக, வாய்ப்பு குறைகிறது. 1:1000 என்பதை 1:100-ஐவிட மோசமானது என்று புரிந்துகொண்டு கலங்கியவர்கள் உண்டு. 1:100 என்பதை நூறு சதவீதம் என்று படித்தவர்களும் உண்டு. 1:100 என்பது ஒரே ஒரு சதவீதம்தான்.

எந்த எல்லையிலிருந்து 'அதிக வாய்ப்பு' என்று குறிப்பது என்பது ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். அறிக்கையில் அச்சிட்டிருக்கும் எல்லையோடு மட்டும் உங்கள் எண்ணை ஒப்பிடுங்கள். தனித்தனியாகத் தரப்படும் ஒவ்வொரு பொருளின் அளவையும் பிறருடைய அறிக்கையோடு ஒப்பிடுவதால் பயன் ஏதுமில்லை. அவை சேர்ந்த கணக்குக்கே பொருள் உண்டு.

இது வாய்ப்பைச் சலித்தெடுக்கும் சோதனை. நோயை உறுதிசெய்யும் சோதனை அன்று. ஸ்கேனும் இரத்தமும் சேர்ந்த இந்த முறை, டவுன் நோய்க்குறி உள்ள 100 குழந்தைகளுள் ஏறத்தாழ 85 முதல் 90 பேரைக் கண்டறிகிறது. குறைபாடே இல்லாத 100 கர்ப்பங்களுள் ஏறத்தாழ 5-ஐயும் 'அதிக வாய்ப்பு' என்று குறித்துவிடுகிறது. இந்த இரண்டு உண்மைகளையும் முடிவு வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருந்தால், அறிக்கையைப் பிரிக்கும்போது கை நடுங்காது.

5. வாய்ப்பு அதிகம் என்று வந்தால்

முதலில் மருத்துவரையோ மரபியல் ஆலோசகரையோ சந்தித்து, எண்ணின் பொருளைக் கேளுங்கள். அடுத்த சோதனைக்கு அவசரமாகப் பதிவுசெய்வது அதன் பிறகுதான். எந்தச் சோதனை பொருந்தும் என்பது ஸ்கேனில் கண்டதைப் பொறுத்தது.

ஒரு வழி, தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சின் டி.என்.ஏ. துணுக்குகளை ஆராயும் என்.ஐ.பி.டி. சோதனை. 10-ஆம் வாரம் முடிந்ததிலிருந்து இதைச் செய்யலாம். டவுன் நோய்க்குறி உள்ள 100 பேரில் 99-க்கும் மேற்பட்டவர்களை இது கண்டறிந்தாலும், இதுவும் வாய்ப்பைச் சலித்தெடுக்கும் சோதனையே. இதன் முடிவை மட்டும் கொண்டு மீளமுடியாத எந்த முடிவையும் எடுக்கக் கூடாது.

உறுதியான விடையைத் தருபவை இரண்டு. 11 முதல் 14 வாரத்திற்குள் நஞ்சின் சிறு துணுக்கை எடுத்து ஆராய்வது ஒன்று; 15 வாரம் முடிந்தபின் பனிக்குட நீரை எடுத்து ஆராய்வது மற்றொன்று. இரண்டிலும் கருச்சிதைவுக்கான சிறு வாய்ப்பு உண்டு. அனுபவம் மிக்கவர் செய்யும்போது அது 200-இல் ஒன்றுக்கும் குறைவு. பிடரி நீர் மிகுதியாக இருந்தாலோ உறுப்பில் குறை தெரிந்தாலோ, நேராக இவற்றுக்கே செல்ல மருத்துவர் சொல்லக்கூடும். விடையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா என்பதைக் கணவரோடு அமர்ந்து பேசிவிட்டு அறைக்குள் செல்லுங்கள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

6. உடலில் எவை மாறும், எவை இப்போதைக்கு மாறா

கர்ப்பகால எச்.சி.ஜி. ஹார்மோன் 8 முதல் 11-ஆம் வாரம் வரையிலான காலத்தில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் இறங்குகிறது. மசக்கை மெல்லத் தணிவது அதையொட்டித்தான். 12-ஆம் வாரம் முடிந்த மறுநாளே குமட்டல் நின்றுவிடும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு 16 முதல் 20-ஆம் வாரத்திற்குள் அடங்குகிறது. மாறாக, திடீரென்று குமட்டல் குறைந்ததும் கருவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அஞ்சுபவர்களும் உண்டு. வலியோ இரத்தமோ இல்லாமல் இந்த வாரங்களில் குமட்டல் தணிவது எதிர்பார்க்கும் மாற்றம்தான்.

12-ஆம் வாரத்தையொட்டிக் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டைவிட்டு மேலே எழுகிறது. சிறுநீர்ப்பையின் மேலிருந்த அழுத்தம் குறைவதால், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தொல்லையும் சில மாதங்களுக்குக் குறையும். அடிவயிற்றின் ஓரத்தில், எழும்போதும் இருமும்போதும் சுரீரென்று வந்து மறையும் வலி, கருப்பையைத் தாங்கும் தசைநார் இழுபடுவதால் வருவது. மாலையில் வயிறு பெரிதாகவும் காலையில் சிறிதாகவும் தெரிவது குடல் உப்புசத்தால்.

வாடையோ அரிப்போ இல்லாத வெள்ளைப்படுதல், மலச்சிக்கல், பல் துலக்கும்போது ஈறில் கசியும் இரத்தம், சட்டென எழும்போது தலைசுற்றல் ஆகியவை இக்கட்டத்தில் பொதுவானவை. எடை அரை கிலோ முதல் 2 கிலோ வரை கூடியிருந்தால் போதும். கூடாமலிருப்பதும் மசக்கையால் சிறிது குறைந்திருப்பதும் பலருக்கு நேர்வதே.

அசைவை மட்டும் இப்போது தேடாதீர்கள். திரையில் துள்ளும் குழந்தை 12-ஆம் வாரத்தில் ஐந்தரை சென்டிமீட்டர் அளவே உடையது. அதன் உதையை நீங்கள் உணர 16 முதல் 20-ஆம் வாரம் ஆகும், முதல் கர்ப்பத்தில் பெரும்பாலும் பிற்பகுதியில்தான்.

7. மாத்திரைகள் மாறும் நேரம்

கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த நான்காம் வாரத்திலேயே மூடிவிடுகிறது. ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தொடங்கி 12-ஆம் வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் உண்ணச் சொல்வது இதனால்தான். நீரிழிவோ, வலிப்பு மருந்தோ, முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறையோ இருந்து 5 மில்லிகிராம் உண்பவர்கள், 12 வாரம் முடியும்போது அதே அளவைத் தொடர்வதா, குறைப்பதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பது அடிக்கடி நேரும் பிழை.

குமட்டல் தணியும் இந்நேரத்தில் இரும்புச்சத்தைத் தொடங்குவதோ அளவை மாற்றுவதோ வழக்கம். முதல் மூன்று மாதங்களில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தசோகை எனக் கொள்வார்கள். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள். கால்சியம், இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. இரும்பு மாத்திரைக்கும் தேநீர், காப்பிக்கும் இடையே ஓரிரு மணி நேர இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இடையே 4 மணி நேரம் வேண்டும். இரும்பால் மலம் கறுப்பது இயல்பு.

முந்தைய கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி முன்சூல்வலிப்பு நிலை (ப்ரீ-எக்லாம்ப்சியா) வந்தவர்கள், ஏற்கெனவே உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள் ஆகியோருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவைப்படலாம். இதை 12-ஆம் வாரம் முடிந்ததும், 16-ஆம் வாரத்திற்கு முன்பே தொடங்குவதில்தான் பயன் அதிகம். மருத்துவர் தாமாகக் கேட்கவில்லையென்றால் உங்கள் வரலாற்றை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

புரோஜெஸ்டிரான் உண்பவர்கள் நிறுத்த வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 'மூன்று மாதம் முடிந்துவிட்டதே' என்று எந்த மருந்தையும் தாமாக நிறுத்துவது தவறு.

8. அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாதவை

கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை 13-ஆம் வாரத்திற்கு முன்பே நேர்வதால், இக்கட்டத்தைக் கடந்ததும் அபாயம் வெகுவாகக் குறைகிறது, முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. இரத்தப்போக்கு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அன்றே தெரிவியுங்கள்.

உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் இரத்தப்போக்கோ வயிற்றில் அடியோ நேர்ந்தவுடன் அதைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். குழந்தையின் வகை பாசிட்டிவாக இருந்தால் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் உங்கள் உடலில் உருவாகிவிடக்கூடும். அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டால் 72 மணி நேரத்திற்குள் போட வேண்டும்.

தணியாத கடும் வயிற்றுவலி, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், மயக்கம், ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் ஆகியவற்றுக்கும் உடனே செல்ல வேண்டும். நீர்கூட வயிற்றில் தங்காமல் 8 மணி நேரமாகச் சிறுநீரே வராதிருந்தாலோ, கர்ப்பத்திற்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதத்திற்கு மேல் குறைந்திருந்தாலோ, அது சாதாரண மசக்கை அன்று. சிரை வழியாக நீரேற்றும் சிகிச்சை தேவைப்படும். 'எல்லோருக்கும் வாந்திதானே' என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு இரண்டு நாட்கள் தாங்கிக்கொண்டிருந்த என் தோழி, அறவே துவண்ட நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள். உடனிருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

9. கிளம்புமுன் அடுத்த தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் பிரிவில் உறுதிசெய்த வாரக் கணக்கைக் கொண்டு, 18 முதல் 22-ஆம் வாரத்திற்குள் வரும் உறுப்பமைப்பு ஸ்கேன், 24 முதல் 28-ஆம் வாரத்திற்குள் வரும் கர்ப்பகால நீரிழிவுப் பரிசோதனை, இரத்த வகை நெகட்டிவ் என்றால் 28-ஆம் வார ஊசி ஆகியவற்றை நாட்காட்டியில் எழுதுங்கள். என்.டி. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருந்ததால் அடுத்த ஸ்கேன் வேண்டாம் என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். இதயத்தின் அறைகள், மூளை, முதுகுத்தண்டு ஆகியவை இப்போது முழுமையாக ஆராய முடியாத அளவுக்குச் சிறியவை; அவற்றைப் பார்ப்பதற்கென்றே அந்த ஸ்கேன் வைக்கப்பட்டிருக்கிறது.

இன்றைய அறிக்கையை ஒரு படி எடுத்து, மூலத்தைக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். பிரசவத் தேதியைப் பற்றிப் பின்னர் எப்போது ஐயம் எழுந்தாலும் முதலில் இந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.